டாலிகஞ்சில் பிரிந்த குரல்: வீட்டு ஜூக்பாக்ஸும் ‘பாடியவர்’ என்னும் புலமும்

கொல்கத்தா மெட்ரோவின் டாலிகஞ்ச் நிலையம் இன்று ‘மகாநாயக் உத்தம் குமார்’ என்ற பெயரால் வழங்குகிறது. வங்கத் திரையுலகின் பெரும் நடிகர் ஒருவரின் பெயரை, அவர் உழைத்த ஸ்டுடியோக்கள் நிறைந்த பகுதியின் நிலையத்துக்குச் சூட்டியது இயல்பே. ஆனால் ‘உத்தம் குமார் பாட்டு’ என்று வங்காளிகள் நினைவுகூரும் பாடல்கள் பலவற்றை அவர் பாடவில்லை. 1955இல் வெளிவந்த ‘ஷாப்மோச்சன்’ தொடங்கி அவருடைய புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றுக்குக் குரலாக அமைந்தவர் ஹேமந்த முகர்ஜி. தமிழிலும் இதே நிலைதான். ‘எம்.ஜி.ஆர். பாட்டு’ என்றும் ‘சிவாஜி பாட்டு’ என்றும் இரு அணிகளாகப் பிரிந்து ரசித்தவர்கள், பெரும்பாலும் டி.எம். சௌந்தரராஜன் என்ற ஒருவரின் குரலையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றாடப் பேச்சில் இப்பழக்கம் எந்தக் குழப்பத்தையும் உண்டாக்குவதில்லை. கேட்பவருக்குப் பொருள் விளங்கிவிடுகிறது. ஆனால் சேர்த்துவைத்த பாடல்களைக் கொண்டு வீட்டிலேயே ஒரு தொடுதிரை ஜூக்பாக்ஸைச் செய்ய முனையும் புதியவர், சில வாரங்களுக்குள் இந்த இடத்தில் வந்து நிற்கிறார். மின்னிணைப்பு முடிந்துவிட்டது, பாடல் ஒலிக்கிறது, திரையில் ‘ஆர்ட்டிஸ்ட்’ என்றொரு கட்டம் காலியாக இருக்கிறது. அதில் யார் பெயரை எழுதுவது? பாடியவரையா, வாயசைத்தவரையா, இசையமைத்தவரையா, எழுதியவரையா? இக்கேள்வி கணினியிலிருந்து பிறந்ததன்று. இதன் வரலாறு, உத்தம் குமார் நிலையத்தைச் சூழ்ந்த அதே டாலிகஞ்சில், 1935இல் தொடங்குகிறது.

1

ஜூக்பாக்ஸின் கதை அதற்கும் முந்தையது. 1889 நவம்பர் 23 அன்று சான்பிரான்சிஸ்கோவின் பாலே ராயல் மதுச்சாலையில், காசு போட்டால் இசைக்கும் எடிசன் ஃபோனோகிராஃப் ஒன்றை லூயிஸ் கிளாஸ் என்பவர் நிறுவினார். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. காதில் பொருத்திக்கொள்ளும் நான்கு குழாய்கள் வழியே நால்வர் ஒரே நேரத்தில் கேட்டனர். அந்தப் பெட்டியில் கேட்பவருக்குத் தேர்வு இல்லை. உருளையில் இருப்பதே ஒலித்தது. 1927இல் மின்னொலிப் பெருக்கத்தோடு, பல தட்டுகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் சேர்ந்தபோதுதான் இன்று நாம் அறியும் ஜூக்பாக்ஸ் உருவாயிற்று. 1948இல் சீபர்க் நிறுவனத்தின் எம்100ஏ, ஒரே பெட்டியில் 100 பாடல்களைத் தேர்வுக்கு வைத்தது.

பெயரின் வேரும் கவனத்துக்குரியது. ‘ஜூக்’ என்பது அமெரிக்கத் தென்கிழக்குக் கடற்கரையில் அடிமைகளாக வாழ்ந்த ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள் பேசும் குல்லா மொழியிலிருந்து வந்தது. ஒழுங்கற்றது, அடங்காதது என்னும் பொருளுடைய அச்சொல்லுக்கு மேற்கு ஆப்பிரிக்க மொழிகளில் மூலம் காட்டுவர். பண்ணைத் தொழிலாளர் ஆடிப் பாடிய எளிய கூடங்கள் ‘ஜூக்’ எனப்பட்டன. அங்கிருந்த பெட்டி ஜூக்பாக்ஸ் ஆயிற்று.

இக்கட்டுரைக்கு முதன்மையானது அப்பெட்டியின் முகப்பில் செருகப்பட்ட சிறு தாள்துண்டு. மேலே ஒரு பாடலின் தலைப்பு, கீழே தட்டின் மறுபக்கப் பாடலின் தலைப்பு, நடுவில் பாடியவர் பெயர். அமெரிக்க வெகுசனப் பாடலுக்கு இவ்வளவே போதுமானதாக இருந்தது. அங்கே பாடலுக்கு ஆசிரியர் இட்ட தலைப்பு உண்டு. பாடுபவரே மக்களுக்கு அறிமுகமான முகம். தலைப்பும் பாடகரும் தெரிந்தால் பாடலை அடையாளம் கண்டுகொள்ளலாம். 1990களில் கணினிக்கோப்பாக மாறிய இசையோடு ஒட்டிக்கொண்டு வந்ததும், 1998இல் டச்ட்யூன்ஸ் நிறுவனம் மதுக்கூடங்களில் வைத்த எண்ணிமப் பெட்டியில் இடம்பெற்றதும், அடிப்படையில் இதே தாள்துண்டுதான்.

2

இன்று அத்தகைய பெட்டியை வீட்டில் செய்வது கடினமான வேலையன்று. உத்தம் குமார் நிலையத்திலிருந்து அதே மெட்ரோ தடத்தில் வடக்கே சென்றால் சாந்தினி சௌக். கொல்கத்தாவின் மின்னணு உதிரிப்பாகச் சந்தையான அங்கும், சென்னையின் ரிச்சி தெருவிலும், தேவையான பொருள்கள் கிடைக்கும்: உள்ளங்கை அளவுள்ள கணினிப்பலகை ஒன்று, தொடுதிரை, மைக்ரோ எஸ்.டி. அட்டை, ஒலிபெருக்கிச் சுற்று, இரண்டு ஸ்பீக்கர்கள், 5 வோல்ட் மின்வழங்கி. கல்விப் பயன்பாட்டை நோக்கமாகக் கொண்டு 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த ராஸ்ப்பெரி பை இவ்வகைப் பலகைகளுள் பரவலானது. 2015இல் அதற்கென 7 அங்குலத் தொடுதிரை வந்தபின், தனியாக விசைப்பலகையோ சுட்டியோ இல்லாமலேயே பெட்டியை இயக்க முடிந்தது.

மென்பொருளை இரண்டு பகுதிகளாகப் புரிந்துகொள்வது புதியவருக்கு எளிது. ஒன்று, பின்னால் இருந்து கோப்புகளைத் திறந்து ஒலிக்கச் செய்யும் இயக்கி, எம்.பி.டி. என்னும் கட்டற்ற மென்பொருள் 2003 முதல் இப்பணியைச் செய்து வருகிறது. மற்றொன்று, திரையில் பட்டியலைக் காட்டி விரல் பட்ட இடத்தைக் கட்டளையாக மாற்றும் முகப்பு. இதைப் பைத்தான் மொழியில் தாமே எழுதலாம். ஆயத்தமாக உள்ளவற்றுள் ஒன்றை எடுத்தும் ஆளலாம்.

இடர்கள் இல்லாமல் இல்லை. அப்பலகையின் பழைய மாதிரிகளில் உள்ள செவிப்பொறித் துளையின் ஒலித்தரம் சுமாரானது. 2023இல் வந்த ஐந்தாம் மாதிரியில் அத்துளையே இல்லை. ஆகவே எண்ணிம ஒலியை மின்னலையாக மாற்றும் சிறு பலகையைத் தனியே இணைப்பது நல்லது. முறையாக நிறுத்தாமல் மின்சாரத்தைத் துண்டித்தால் நினைவக அட்டை பழுதடையலாம். பழைய 78 சுழற்சித் தட்டுகளிலிருந்து பாடலை எடுப்பவர்கள், பிற்கால நெடுநேர இசைத்தட்டுக்குரிய மெல்லிய ஊசியைப் பயன்படுத்தக் கூடாது. 78 தட்டின் பள்ளம் அகலமானது, அதற்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அகன்ற முனையுள்ள ஊசி வேண்டும். இவையெல்லாம் கேட்டும் படித்தும் சரிசெய்துகொள்ளக் கூடியவை. எந்தக் கடையிலும் கிடைக்காத உறுப்பு ஒன்றே ஒன்று: பட்டியல்.

3

தட்டில் இருப்பது யாருடைய குரல் என்ற கேள்வி இந்திய ஒலிப்பதிவோடு சேர்ந்தே பிறந்தது. 1902இல் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாடலைப் பதிவுசெய்தபோது, பாட்டின் முடிவில் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் தாமே அறிவித்தார். மூலத்தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவருக்குச் சென்று அச்சாகி வர வேண்டும். அங்கிருந்த பணியாளர்களுக்கு மொழியும் தெரியாது, பாடியவரையும் தெரியாது; சரியான பெயரை ஒட்டுத்தாளில் அச்சிட அந்த அறிவிப்பு உதவியது. பாடலைப் பற்றிய விவரத்தை, அதாவது இன்று மீதரவு எனப்படுவதை, பாடகியே பாடலுக்குள் பதித்துவைத்தார். குரலும் பெயரும் ஒரே பள்ளத்தில் ஒன்றாக இருந்தன.

அந்த ஒற்றுமை தளர்ந்த இடம் டாலிகஞ்ச். இலண்டனில் பொறியியல் பயின்ற வீரேந்திரநாத் சர்க்கார் 1931இல் அங்கே நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தியாவில் பேசும் படம் அவ்வாண்டுதான் பிறந்திருந்தது. அக்காலத்தில் நடிகரே காமிராவின் முன் பாட வேண்டும். இசைக்குழுவினர் சட்டத்துக்கு வெளியே, மரத்தின் பின்னும் திரையின் மறைவிலும் அமர்ந்து வாசிப்பர். ஒலிவாங்கி எட்டும் தொலைவுக்குள்ளேயே நடிகர் நிற்க வேண்டியிருந்தது. பாடத் தெரியாதவர் முதன்மைப் பாத்திரம் ஏற்பது அரிது.

1935இல் நிதின் போஸ் இயக்கத்தில் ‘பாக்ய சக்ர’ என வங்காளியிலும், ‘தூப் சாவ்’ என இந்தியிலும் ஒரே கதையை நியூ தியேட்டர்ஸ் எடுத்தது. இசை ராய்சந்த் போரால். ஒலிப்பதிவு இயக்குநரின் உடன்பிறந்தவரான முகுல் போஸ். இப்படத்தில் பாடல் முன்கூட்டியே பதிவாகி, படப்பிடிப்பின்போது மீண்டும் ஒலிக்கப்பட்டது. நடிகர் அதற்கேற்ப வாயசைத்தனர். பின்னணிப் பாடலை முறையாகக் கையாண்ட முதல் இந்தியப் படம் என இது பொதுவாகக் கருதப்படுகிறது. இந்த எண்ணம் தோன்றிய விதம் குறித்து, பங்கஜ் மல்லிக்கின் நினைவுகளை ஒட்டி ஒரு செய்தி வழங்குகிறது: கிராமஃபோனில் ஓர் ஆங்கிலப் பாட்டு ஒலிக்க, மல்லிக் அதனோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாராம், அதைக் கண்ட நிதின் போஸுக்கு, பதிவான குரலுக்கு ஒரு முகம் வாயசைக்கலாமே என்று தோன்றியதாம். அவ்வாறாயின் இந்தியத் திரைப்பாடலின் இப்பெரும் மாற்றத்துக்கு வீட்டுப் பாட்டுப்பெட்டி ஒன்றே தூண்டுகோல்.

‘தூப் சாவ்’ படத்தின் அக்குழுப்பாடலைப் பாடியவர்கள் பாருல் கோஷ், சுப்ரபா சர்க்கார், ஹரிமதி ஆகிய மூவர். பாருல் கோஷைப் பற்றிப் பேசும்போது இசையமைப்பாளர் அனில் பிஸ்வாஸின் தங்கை, புல்லாங்குழல் மேதை பன்னாலால் கோஷின் மனைவி என்ற அறிமுகமே பெரும்பாலும் முதலில் வருகிறது. இயக்குநர், இசையமைப்பாளர், ஒலிப்பதிவாளர் ஆகியோரின் பெயர்கள் வரலாற்று நூல்களில் நிலைத்த அளவுக்கு, புதிய முறையில் முதலில் குரல் கொடுத்த பெண்களின் பெயர்கள் பொதுநினைவில் நிலைக்கவில்லை. குரல் முகத்திலிருந்து பிரிந்ததும் பெயரும் குரலிலிருந்து நழுவத் தொடங்கிவிட்டது.

இந்த நழுவல் அடுத்த பதினைந்து ஆண்டுகள் நீடித்தது. 1949இல் வெளிவந்த ‘மஹல்’ இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாடலின் இசைத்தட்டில், பாடியவர் ‘காமினி’ என்றே அச்சாயிற்று. காமினி என்பது கதையில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். பாடியவர் லதா மங்கேஷ்கர்.

4

தமிழுக்கும் கல்கத்தா அயலிடமன்று. சென்னையில் ஸ்டுடியோ வசதிகள் பெருகுவதற்கு முன், தமிழ்ப் படக்குழுவினர் ரயிலேறிக் கல்கத்தா சென்று படமெடுத்துத் திரும்பினர். சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக இசைத்தட்டு வணிகம் நடத்திய ஏ.வி. மெய்யப்பன் தயாரித்த முதல் படமான ‘அல்லி அர்ஜுனா’ கல்கத்தாவில் உருவாகி 1935இல் வெளிவந்தது. இசைத்தட்டு விற்பனையாளர் படத்தயாரிப்புக்கு வருவதில் ஒரு தருக்கம் உண்டு: பாட்டுக்காகவே படம் பார்க்கப்பட்ட காலம் அது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1938இல் அவருடைய ‘நந்தகுமார்’ வெளியானது. அதில் நடிகை ஒருவருக்காக லலிதா வெங்கட்ராமன் பாடியதே தமிழின் முதல் பின்னணிப் பாடல் எனத் திரை வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர்.

இடைப்பட்ட 1937இல் வந்த ‘சிந்தாமணி’யும் கல்கத்தாவில் எடுக்கப்பட்டதே. எம்.கே. தியாகராஜ பாகவதர் அதில் நடித்துத் தாமே பாடினார். முகமும் குரலும் ஒருவருடையதே. சிக்கலுக்கு இடமில்லை என்று தோன்றும். ஆனால் அப்படத்தில் பாகவதர் பாடிய பாடல்களை இசைத்தட்டில் துறையூர் ராஜகோபால சர்மா பாட, அத்தட்டுகள் பெருவாரியாக விற்றன. திரையரங்கில் கேட்டது ஒருவர் குரல், வீட்டுக் கிராமஃபோனில் கேட்டது மற்றொருவர் குரல். இன்று ஒருவர் தம் பெட்டியில் ‘சிந்தாமணி, 1937, பாகவதர்’ என்று எழுதினால், கையிலுள்ள ஒலிக்கோப்பு படத்தின் ஒலித்தடத்திலிருந்து வந்ததா, தட்டிலிருந்து வந்ததா என்று பார்த்தபின்பே அது மெய்யா பிழையா என்று சொல்ல முடியும்.

இங்கே ஒரு சொல்லாய்வும் தேவைப்படுகிறது. ஆங்கிலத்தின் ‘பிளேபேக்’ என்னும் சொல் கருவியின் செயலைக் குறிப்பது: பதிந்ததை மீண்டும் ஒலிப்பித்தல். அதில் பாடுபவரின் இடம் பற்றிய குறிப்பு ஏதுமில்லை. இந்திய மொழிகள் அதை ஏற்றபோது நேரடியாக மொழிபெயர்க்கவில்லை. வங்காளி ‘நேபத்ய’ என்றது. நாடக மேடைத்திரைக்குப் பின்னுள்ள ஒப்பனை இடம். இந்தி ‘பார்ஷ்வ’ என்றது; பக்கம், விலா. தமிழ் ‘பின்னணி’ என்றது. முன்னணிக்கு எதிரான பின்வரிசை. மூன்று மொழிகளும் கருவியை மறந்துவிட்டு, பாடுபவரைக் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் நிறுத்தின. உண்மையில் அவர் எவருக்கும் பின்னால் நின்றதில்லை. படப்பிடிப்புக்கு முன்பே ஒலிவாங்கிக்கு நேர்முன் நின்று பாடிவிட்டுப் போனவர் அவர். காலத்தால் முந்தியவரை இடத்தால் பின்தள்ளிய சொல் அது.

5

இத்தகைய பாடல்கள், 1990களின் நடுவில் உருவான ஒரு தொழில்நுட்ப மரபுக்குள் நுழைகின்றன. எம்.பி.3 என்னும் கோப்புப் பின்னொட்டு 1995இல் முடிவாயிற்று. அக்கோப்பில் பாடல் விவரத்தைப் பதிய இடமில்லாததால், 1996இல் எரிக் கெம்ப் என்பவர் கோப்பின் இறுதியில் 128 பைட் கொண்ட ஒரு சிறு துண்டை ஒட்டும் முறையை வகுத்தார்; ஐ.டி.3 என்பது அதன் பெயர். தலைப்புக்கு 30 பைட், பாடியவருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30. ஜூக்பாக்ஸின் முகப்பில் செருகிய தாள்துண்டு அப்படியே எண்ணிமமாயிற்று.

இத்துண்டில் தமிழின் நிலை என்ன? இன்று பொதுவழக்காகிய யு.டி.எஃப்.-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வேண்டும். உயிர்மெய்யில் மெய்க்குறி ஒன்று, உயிர்க்குறி ஒன்று எனத் தனித்தனியே கணக்கு. ‘தியாகராஜ பாகவதர்’ என்னும் பெயர் 15 குறிகளும் ஓர் இடைவெளியும், அதாவது 46 பைட். முப்பதில் வெட்டினால் ‘தியாகராஜ ப’ என்பதோடு உடைந்த எழுத்தொன்று எஞ்சும். ஆகவே நெடுங்காலம் ரோமன் எழுத்தே புழங்கிற்று. அதில் இளையராஜாவின் பெயரில் வரும் ஐகாரத்தை ஒருவர் ஓர் எழுத்தாலும் இன்னொருவர் ஈரெழுத்தாலும் எழுத, கணினியின் கணக்கில் அவர் இரண்டு மூன்று பேராகப் பிரிந்துவிடுகிறார்.

ஐ.டி.3இன் இரண்டாம் பதிப்பு 1998 முதல் இந்நெருக்கடியைத் தளர்த்தியது. ஒருங்குறி எழுத்துக்கு இடம் கிடைத்தது. இசையமைப்பாளர், பாடலாசிரியர் ஆகியோருக்குத் தனிப்புலங்கள் வந்தன. எனினும் ஆயத்த முகப்புகள் பலவும் திரையில் முதலில் காட்டுவது ‘ஆர்ட்டிஸ்ட்’ புலத்தையே. அகரவரிசையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்து நிற்கிறது. தமிழ் நெடுங்கணக்கில் அது மெய்களின் இறுதி. பைத்தானின் இயல்பான வரிசைப்படுத்தல் ‘கனவு’ என்பதைக் ‘கமலம்’ என்பதற்கு முன் வைக்கும். தமிழ் அகராதி பின் வைக்கும். புள்ளிக்குறி அட்டவணையின் கடைசிப் பகுதியில் இருப்பதால், ‘பகல்’ முந்தி ‘பக்தி’ பிந்தும். அகராதியிலோ மெய்யெழுத்து முந்த வேண்டும். தமிழுக்குரிய வரிசை விதிகளைக் கொண்ட நிரலகத்தைச் சேர்த்துக்கொள்வதே தீர்வு. ஒரு பார்வைக்கு எட்டுப் பத்து வரிகளே கொள்ளும் சிறு திரையில், வரிசை பிழைத்தால் பாடல் கைக்கு அகப்படாது.

வணிக நிறுவனங்களும் இந்தப் பல பெயர்ச் சிக்கலைச் சந்தித்தன. டம்டம்மைத் தளமாகக் கொண்ட பழைய கிராமஃபோன் கம்பெனியின் வழிவந்த சரிகமா, 2017இல் 5,000 பாடல்கள் பதித்த ‘காரவான்’ பெட்டியை வெளியிட்டது. அதில் பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் ஆகியோர் ஒரே பட்டியலில் அருகருகே நின்றனர். ஒற்றைப் புலம் இந்தியப் பாடலுக்குப் போதாது என்பதைச் சந்தை தன் வழியில் ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம்.

6

இச்சிக்கலுக்குத் தமிழ் மரபில் ஒரு பழைய விடை உண்டு. உ.வே. சாமிநாதையர் 1918இல் பதிப்பித்த பரிபாடலில், பாடல்களின் இறுதியில் குறிப்புகள் காணப்படுகின்றன. மூன்றாம் பாடலின் குறிப்பு மூன்று செய்திகளைத் தருகிறது: பாட்டு கடுவன் இளவெயினனார், இசை பெட்டனாகனார், பண் பாலையாழ். எழுதியவர் வேறு, இசை வகுத்தவர் வேறு என்பதையும், இருவர் பெயரும் காக்கப்பட வேண்டியவை என்பதையும் அக்குறிப்பை எழுதியவர் அறிந்திருந்தார். புறநானூற்றுக் குறிப்புகள் பாடியவரையும் பாடப்பட்டவரையும் பிரித்துக் காட்டுகின்றன. பெயரை மட்டும் எழுதாமல், பெயரோடு அவர் செய்த பங்கையும் சேர்த்து எழுதுவதே இம்மரபின் சாரம்.

வீட்டுப் பெட்டி செய்பவர் இதையே தம் தரவுத்தளத்தின் அமைப்பாகக் கொள்ளலாம். பைத்தானோடு சேர்ந்தே வரும் எஸ்.க்யூ.லைட் என்னும் சிறு தரவுத்தளத்தில் மூன்று அட்டவணைகள் போதும். முதலாவது பாடல்: முதற்குறிப்பு, படம், ஆண்டு, கோப்பு இருக்குமிடம். இரண்டாவது ஆள்: பெயரும் அதன் வேற்று வடிவங்களும். மூன்றாவது பங்கு: இந்தப் பாடலில், இந்த ஆள், இன்னது செய்தார். பாடினார், வாயசைத்தார், எழுதினார், இசையமைத்தார் என ஒரு பாடலுக்கு எத்தனை வரிகளும் வரலாம்; மூவர் பாடினால் மூன்று வரிகள். ‘உத்தம் குமார்’ என்று விரல் வைத்தாலும் ‘ஹேமந்த முகர்ஜி’ என்று விரல் வைத்தாலும் அதே பாடல் வரும். ஆனால் இருவர் செய்ததும் ஒன்றென ஆகாது. தலைப்பு என்னும் புலத்துக்கும் இங்கே நம் வழக்கமே பொருந்துகிறது. திரைப்பாடலுக்கு ஆசிரியர் தலைப்பு இடுவதில்லை. முதல் சொற்களே பெயராகின்றன. பழைய நூல் பதிப்புகளின் பாட்டு முதற்குறிப்பு அகராதி செய்ததும் இதுவே.

பங்கு அட்டவணையில் மேலும் ஒரு நெடுவரிசை வேண்டும்: சான்று. இப்பெயர் எங்கிருந்து வந்தது? இசைத்தட்டின் ஒட்டுத்தாளா, தட்டின் மையத்தருகே பதிந்துள்ள மூலத்தட்டு எண்ணா, திரையரங்க வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகமா, படத்தின் எழுத்துப் பகுதியா, வீட்டுப் பெரியவர் ஒருவரின் நினைவா? ‘காமினி’ போன்ற ஒட்டுத்தாள்களும் உண்டு என்பதால், சான்று எழுதாத பெயரைப் பின்னால் வருபவர் திருத்தவும் இயலாது, நம்பவும் இயலாது. சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் உள்ளவை போன்ற பாட்டுப் புத்தகங்களும், ‘ஃபிலிம் நியூஸ்’ ஆனந்தனின் தொகுப்பும், வாமனனின் திரையிசை ஆய்வுகளும் தமிழில் இதற்கு உதவுவன. இந்திக்கு ஹர்மந்திர் சிங் ‘ஹம்ராஸ்’ தொகுத்த திரைப்பாடல் கோசம் நெடுநாள் வழிகாட்டி. தனியொருவரின் விடாமுயற்சியில் தொடங்கிய பணிகளே இவற்றுள் பல.

7

ஒரு வீட்டுப் பொழுதுபோக்குக்கு இத்தனை கவனம் வேண்டுமா என்று கேட்கலாம். 1940இல் நியூ தியேட்டர்ஸில் நேர்ந்த தீவிபத்தில் படச்சுருள்கள் அழிந்தன. தொடக்கக்காலத் தமிழ்ப் பேசும் படங்களுள் பெரும்பாலானவற்றின் படிகள் இன்று இல்லை. படம் போனபின் எஞ்சுவது தட்டு. தட்டு தேய்ந்தபின் எஞ்சுவது யாரோ ஒருவர் வீட்டில் எடுத்த ஒலிக்கோப்பு. அக்கோப்பு ஒரு பெட்டியிலிருந்து மற்றொரு பெட்டிக்கு நகலாகும்போது, அதில் எழுதிய பெயரும் கேள்வியின்றி நகலாகிறது. ஒருவர் சோம்பலில் விட்ட காலி இடமும், அவசரத்தில் எழுதிய நடிகர் பெயரும், பத்தாண்டுகளில் ‘ஆதாரம்’ ஆகிவிடுகின்றன.

சட்டமும் தாமதமாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம், கலைஞர் தாம் நிகழ்த்தியதற்குத் தம்மையே உரியவராக அடையாளப்படுத்தக் கோரும் உரிமையை ஏற்றது. டாலிகஞ்சில் குரலும் முகமும் பிரிந்து அப்போது 77 ஆண்டுகள் ஆகியிருந்தன. பாருல் கோஷுக்கும் அவருடன் பாடியவர்களுக்கும் அச்சட்டத்தால் நேரடிப் பயன் ஏதுமில்லை. அவர்களுக்கு உரியதைச் செய்யக்கூடியவர், பட்டியலை எழுதுபவர் மட்டுமே.

எல்லாப் பெயரும் கிடைத்துவிடாது என்பதும் உண்மை. அதற்கும் தொகுத்தோர் ஒரு வழி காட்டியிருக்கின்றனர். குறுந்தொகையின் 40ஆம் பாடலை இயற்றியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாடலில் வரும் தொடராலேயே அவர் செம்புலப்பெயனீரார் என வழங்குகிறார். தெரியாத இடத்தில் புகழ்பெற்ற வேறொரு புலவரின் பெயரை இட்டு நிரப்புவது எளிதாக இருந்திருக்கும். தொகுத்தவர்கள் அதைச் செய்யவில்லை. வீட்டுப் பெட்டியின் திரையிலும் ‘பாடியவர்: தெரியவில்லை’ என்று ஒரு வரி நிற்கலாம். அது அடுத்து வருபவர் தேடுவதற்காக விட்டுவைத்த இடம்.